முதன்முறை ரிலீஸ் பொறுப்பேற்கும் பிள்ளைகளுக்கு

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் தரவுகளையும் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் மாறாத முகவரி கொடுத்து, உலகம் படிக்கத் திறந்துவிடுவது ஆய்வுக் களஞ்சிய மென்பொருளின் வேலை. டிஸ்பேஸ், ஈபிரின்ட்ஸ், ஃபெடோரா, டேட்டாவெர்ஸ், இன்வீனியோ என்று இதில் பல உண்டு. எல்லாமே கட்டற்றவை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் குவிந்திருக்கும் சோத்கங்காகூட டிஸ்பேஸில்தான் ஓடுகிறது.

இப்படியொரு திட்டத்துக்கு ஓய்வு நேரத்தில் நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள், “அடுத்த ரிலீஸை நீங்களே பார்த்துக்கொள்ளுங்களேன்” என்பார்கள். நிரல் நன்றாக எழுதத் தெரிந்தால் இது தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இது வேறு வேலை. கீழே சொல்வதற்குப் பெரும்பாலும் டிஸ்பேஸையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலெட் பேக்கர்ட் ஆய்வகமும் சேர்ந்து 2002 நவம்பரில் வெளியிட்ட மென்பொருள் அது. அதன் ரிலீஸ் வரலாறு, நல்லது கெட்டது இரண்டும் சேர்த்து, யாரும் பார்க்கும்படி பொதுவில் கிடக்கிறது.

1. அப்கிரேட் செய்யப்போகிற ஆளை நினைத்துத் திட்டம் போடுங்கள்.

உங்கள் ரிலீஸை நிறுவப்போகிறவர் யார்? பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகத்தில் தனியாளாக இருக்கும் ஒருவர். நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவின் சர்வரும் அவர் பொறுப்புதான், பிரின்டரில் தாள் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவதும் அவரைத்தான். சனிக்கிழமை மதியம் எல்லாரும் போன பிறகு பேக்கப் எடுத்துவிட்டு அப்கிரேடை ஆரம்பிப்பார். திங்கள் காலை துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து போன் வராமல் இருந்தால் போதும் என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

2016 அக்டோபரில் வந்த டிஸ்பேஸ் 6.0-வை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒவ்வொரு ஆவணத்துக்கும் உள்ளே 1, 2, 3 என்று சாதாரண எண் இருந்தது. அதை எடுத்துவிட்டு யுயுஐடி என்ற நீளமான அடையாளத்துக்கு மாறினார்கள். நிரலாளர் கண்ணுக்கு முழு நியாயமான மாற்றம். ஆனால் எந்த ஆய்வேட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற கணக்கு, சோலார் என்ற தேடுபொறியில் பழைய எண்களோடு பதிவாகிக் கிடந்தது. அந்தப் பதிவுகளைப் புதிய அடையாளத்துக்கு மாற்றத் தனிக் கட்டளை ஒன்று தேவைப்பட்டது. பல ஆண்டுப் பதிவுகள் சேர்ந்துபோன இடத்தில் அது மணிக்கணக்கில் ஓடும். தரமதிப்பீட்டுக்கு நாக் குழு வருவதற்குக் காத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அந்த எண்ணிக்கை எவ்வளவு முக்கியம் என்பது நிரல் எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? ரிலீஸ் பொறுப்பில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக, 2015 ஜனவரியில் வந்த 5.0-வில் தரவுத்தள மாற்றங்களைத் தானே வரிசையாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு எஸ்க்யூஎல் கோப்பு. இரண்டு மூன்று பதிப்பு தாண்டி அப்கிரேட் செய்கிறவர் அவற்றைச் சரியான வரிசையில் கையால் ஓட்ட வேண்டும், ஒன்று தப்பினால் அதோகதிதான். என்னைக் கேட்டால், அந்தப் பதிப்பில் வந்தவற்றிலேயே பெரிய வசதி இதுதான். விளம்பரப் படத்தில் காட்ட முடியாத வசதி என்பது வேறு விஷயம்.

ஆகவே திட்டப் பட்டியலில் வசதியின் பெயர், செய்பவர் பெயர் ஆகியவற்றோடு இன்னொரு கட்டமும் போடுங்கள்: ‘இதனால் அப்கிரேட் செய்கிறவருக்கு என்ன வேலை?’ அந்தக் கட்டம் காலியாக இருக்கிற எதையும் ரிலீஸில் சேர்க்காதீர்கள்.

2. தேதி, வசதி இரண்டில் ஒன்றைத்தான் இறுக்கிப் பிடிக்க முடியும்.

உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வந்துவிடும். தயாராகாத வசதி அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். களஞ்சிய மென்பொருளில் ஆட்கள் குறைவு என்பதால் ‘இந்த வசதி முடிந்ததும் வெளியிடுவோம்’ என்று சொல்லத்தான் எல்லாருக்கும் தோன்றும். கணக்கைப் பாருங்கள். டிஸ்பேஸ் 3.0 வந்தது 2012 நவம்பர். அதிலிருந்து 4.0-வுக்கு 13 மாதம். 5.0-வுக்கு இன்னொரு 13 மாதம். 6.0-வுக்கு 21 மாதம். 7.0-வுக்கு 58 மாதம். ஆண்டுக்கொரு பதிப்பு என்று பழகியவர்கள், பெரிய வசதி ஒன்று முடியட்டும் என்று நினைத்தபோது ஏறக்குறைய ஐந்து வருடம் போய்விட்டது.

நான் தேதிக் கட்சி. தேதியைப் பிடித்துக்கொண்டால் வசதியை வெட்டலாம், வெட்டிய வசதி அடுத்த பதிப்பில் வரும். வசதியைப் பிடித்துக்கொண்டால் எதையும் வெட்ட முடியாது. நாள் போகப்போக, ‘எப்படியும் தள்ளிப்போகிறது, இதையும் சேர்த்துவிடலாமே’ என்று வருகிறவர்கள் கூட்டமும் பெருகும்.

மாநாட்டு மேடையில் அறிவிக்கலாம் என்ற ஆசையில் மட்டும் தேதி குறிக்காதீர்கள்.

3. ‘எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடுவோம்’ என்று யாராவது சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

இது நீளமாகப் பேச வேண்டிய சங்கதி. டிஸ்பேஸ் வரலாற்றில் 1.8-க்குப் பிறகு 3.0 வருகிறது. நடுவில் 2.0 எங்கே? அது முழுக்கப் புதிதாகக் கட்டிய மாதிரி வடிவத்தின் பெயர். பேச்சு நடந்தது, நிரலும் எழுதினார்கள், ஆனால் 2.0 என்ற ரிலீஸ் வரவே இல்லை. அதில் செய்த சில வேலைகள் மட்டும் துண்டு துண்டாக 1.x கிளைக்குள் வந்து சேர்ந்தன. அந்தப் பெயர் ஏற்கெனவே ஓடிவிட்டதால், குழப்பம் வேண்டாமென்று நேரே 3.0-வுக்குத் தாவிவிட்டார்கள்.

ஃபெடோராவின் கதை இன்னும் கூர்மையானது. ஃபெடோரா 3 பலருக்கும் பிடித்திருந்தது. ஆவணங்களின் விவரமெல்லாம் வட்டில் எக்ஸ்எம்எல் கோப்புகளாக இருக்கும், மென்பொருளே செத்துப்போனாலும் கோப்பைத் திறந்து படிக்கலாம். 2014-இல் வந்த ஃபெடோரா 4 உள்ளமைப்பையே மாற்றிப் புதிதாக எழுதியது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் 3-இல் இருந்த நிறுவனங்கள் பல அங்கேயே உட்கார்ந்துவிட்டன. மாறுவது கடினம், மாறினால் கோப்புகளைக் கண்ணால் பார்க்கும் வசதியும் போய்விடும். கடைசியில் 2021-இல் வந்த ஃபெடோரா 6, 3-இலிருந்து வருகிறவர்களை மனத்தில் வைத்தே கட்டப்பட்டது. ஓசிஎஃப்எல் என்ற பொது வடிவத்தில், மனிதர் படிக்கும்படியான கோப்புறைகளாகவே எல்லாம் வட்டில் இருக்கும். ஏழு வருடம் கழித்து, பயனர்கள் நின்ற இடத்துக்கே மென்பொருள் திரும்பிப் போய் அவர்களைக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

அப்படியானால் புதிதாக எழுதவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். டிஸ்பேஸ் 7-ஐப் புதிதாக எழுதியே ஆக வேண்டியிருந்தது. ஜேஎஸ்பியூஐ, எக்ஸ்எம்எல்யூஐ என்று ஒரே மென்பொருளுக்கு இரண்டு முகப்புகள். ஒரு வசதியை இரண்டு இடத்தில் எழுத வேண்டும், ஒரு வழுவை இரண்டு இடத்தில் அடைக்க வேண்டும். எக்ஸ்எம்எல்யூஐ நின்றிருந்த அப்பாச்சி கொக்கூனோ முடங்கிப்போன திட்டம். இரண்டையும் தூக்கிவிட்டு ஆங்குலரில் ஒரே முகப்பு, அதன் கீழே புதிய ரெஸ்ட் ஏபிஐ என்று போனது சரியான முடிவு.

அதைவிடச் சரியான முடிவு ஒன்று அதற்குள் இருந்தது. 6-இல் உள்ள எல்லாமும் 7.0-விலேயே வரவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டார்கள். எது 7.0-வில் இருக்கும், எது பின்னால் வரும் என்று பட்டியலிட்டு வெளிப்படையாக வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் 7.0 வந்தது. நவம்பரில் 7.1, அடுத்த பிப்ரவரியில் 7.2 என்று விட்டதெல்லாம் தவணையில் வந்துசேர்ந்தன. 2023 ஜூனில் 7.6 வந்தபோது அந்தப் பயணம் முடிந்தது. இந்தத் தவணை யோசனை இரண்டு வருடம் முன்பே வந்திருந்தால் 58 மாதம் ஆகியிருக்காது என்பது என் துணிபு.

4. ‘வேண்டாம்’ பட்டியலையும் எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். இந்தப் பதிப்பில் எது வராது, ஏன் வராது, இரண்டே வரி போதும். வராது என்று முன்கூட்டிச் சொன்னால் மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

5. ஆட்களை எண்ணாதீர்கள், அவர்களுடைய மணிநேரத்தை எண்ணுங்கள்.

இருபது பேர் கைதூக்கினார்கள் என்று சந்தோஷப்படாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி, எந்த மாதம் வரை, உங்கள் மேலதிகாரிக்குத் தெரியுமா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பங்களிப்பவருக்கு, சேர்க்கை தொடங்கிவிட்டால் உங்கள் திட்டம் ஞாபகத்தில்கூட இருக்காது. அதில் தவறும் இல்லை, சம்பளம் கொடுப்பது அந்தப் பல்கலைக்கழகம்.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. தட்டுப்பாடு எழுதுகிற கைக்கு வராது, பார்த்துச் சரிசொல்கிற கண்ணுக்கு வரும். ஒருவர் ஒரு வாரத்தில் எழுதிய புல் ரிக்வெஸ்டை இன்னொருவர் இறக்கி, ஓட்டி, உடைத்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த இன்னொருவர் எப்போதும் அதே மூன்று நான்கு பேராகத்தான் இருப்பார்கள். அவர்களுடைய நேரத்தை வைத்துத்தான் ரிலீஸில் எத்தனை வசதி என்று தீர்மானிக்க வேண்டும். எழுத முன்வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துத் தீர்மானித்தால், கடைசி மாதத்தில் யாரும் பார்க்காத நாற்பது ரிக்வெஸ்ட் வரிசையில் நிற்கும்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படவும் வேண்டாம். டிஸ்பேஸ் 7-ஐ முடிக்க உலகெங்கும் உள்ள நூலகங்களிடம் நிதி திரட்டி, சம்பளத்துக்கு நிரலாளர்களை அமர்த்தினார்கள். தன்னார்வத்திலேயே எல்லாம் நடந்துவிடும் என்பது அழகான நம்பிக்கை, ஆனால் யாரும் ஆசைப்பட்டுச் செய்யாத கடைசிப் பத்து சதவீத வேலை அதில் நடக்காது.

6. கதவை மூன்று தடவை சாத்துங்கள்.

முதலில் புது வசதிக்கு. அடுத்து, முகப்பில் தெரியும் சொற்களுக்கு. கடைசியில் நிரல் முழுவதற்கும். நடுவில் உள்ளதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பொத்தானில் ‘சேமி’ என்று இருந்ததைக் கடைசி வாரத்தில் யாரோ மாற்றுவார். உலகம் முழுக்க மொழிபெயர்ப்பாளர்கள் முடித்து வைத்திருந்த கோப்பில் அந்த இடம் ஆங்கிலமாகப் பல்லிளிக்கும். சொற்களை உறைய வைத்த பிறகு மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள். அவர்களும் மாலையில் வீட்டுக்குப் போய்த்தான் இதைச் செய்கிறார்கள்.

7. உங்கள் ஊர் ஆவணத்தை வைத்துச் சோதியுங்கள்.

ரிலீஸுக்கு முன்னால் பொதுச் சோதனைக் காலம் ஒன்று வைப்பது இந்தத் திட்டங்களில் வழக்கம். டிஸ்பேஸில் அதை டெஸ்டத்தான் என்பார்கள். அதில் எல்லாரும் ஆங்கிலத் தலைப்புள்ள ஒரு பிடிஎஃப்பை ஏற்றி, ‘எனக்கு வேலை செய்கிறது’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் பயன் கொஞ்சம்தான்.

நீங்கள் ‘கொங்கு நாட்டுக் கல்வெட்டுகள்’ என்ற தலைப்பில் ஒரு ஆய்வேட்டை ஏற்றுங்கள். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு முறையில் பதிந்ததை மறுமுறையில் தட்டித் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் தேடுபொறி எழுத்துகளை ஒருமைப்படுத்தாமல் விட்டிருக்கிறது, அது புகார் செய்யத் தகுந்த வழு. கோப்பின் பெயரையும் தமிழிலேயே வைத்து ஏற்றுங்கள், இறக்கும்போது பெயர் சிதையாமல் வருகிறதா பாருங்கள். தலைப்பு வரிசையில் உலாவப் போனால் சில களஞ்சியங்களில் ஏ முதல் இசட் வரை ஒரு பட்டை நிற்கும். தமிழ்த் தலைப்புகளுக்கு அது எதற்கு ஆகும் என்று மரியாதையாகக் கேட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள்.

இன்னும் இரண்டு சோதனைகளை நான் விடவே மாட்டேன். ஒன்று, கூகுள் ஸ்காலர். ஆய்வேட்டைத் தேடி வருகிறவர்களில் பலர் அங்கிருந்துதான் வருகிறார்கள். அந்த இயந்திரம் படிப்பது பக்கத்தின் மூலத்தில் உள்ள தலைப்பு, ஆசிரியர், பிடிஎஃப் முகவரி ஆகிய மெட்டா குறிகளை. டிஸ்பேஸ் 7 முதல் முகப்பு ஜாவாஸ்கிரிப்டில் ஓடுவதால், பக்கத்தைச் சர்வரே முன்கூட்டி வரைந்து அனுப்பியாக வேண்டும். அந்த ஏற்பாடு உடைந்தால் உங்கள் உலாவியில் எல்லாம் ஜோராகத் தெரியும், இயந்திரத்துக்கு மட்டும் வெற்றுப் பக்கம் போகும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், தெரிந்துவிடும்.

மற்றொன்று, நிலையான முகவரி. சோத்கங்காவின் ஆய்வேடுகளுக்கு 10603 என்ற ஹேண்டில் முன்னொட்டு இருக்கிறது. எந்தப் பதிப்புக்கு மாறினாலும் 10603-இல் தொடங்கும் அந்த முகவரி அதே ஆய்வேட்டுக்குப் போக வேண்டும். அப்கிரேடுக்கு முன் ஐம்பது முகவரிகளை எழுதி வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். (டிஸ்பேஸை நிறுவும்போது மாதிரிக்காகக் கொடுக்கும் முன்னொட்டு 123456789. அதை மாற்றாமலே ஆயிரக்கணக்கில் ஆவணங்களை ஏற்றிவிட்ட களஞ்சியங்களை இணையத்தில் நிறையப் பார்க்கலாம். அவர்களுக்கு ‘நிலையான’ முகவரியே கிடையாது. நிறுவல் வழிகாட்டியில் அந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.)

8. பழைய பதிப்பைக் கைவிடும் தேதியைப் புதிய பதிப்பின் திட்டத்திலேயே எழுதுங்கள்.

டிஸ்பேஸ் 6.3 வந்தது 2018-இல். அடுத்த 6.4 வந்தது 2022 ஜூலையில், பழைய முகப்புகளில் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க. நடுவில் நான்கு வருடம். இவ்வளவு காலம் தொடாமல் கிடந்த கிளையை எடுத்து மறுபடி பில்ட் செய்து பாருங்கள், உலகம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும். 2020 ஜனவரியில் ஜாவா நிரலகங்களின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரல், வெறும் எச்டிடிபி வழியாகக் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டது. நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாத எத்தனையோ பழைய ஜாவா திட்டங்கள் அன்றோடு பில்ட் ஆக மறுத்தன. ஆதரவு தருகிறோம் என்று சொல்லியிருக்கும் ஒவ்வொரு கிளையையும் மாதம் ஒருமுறையாவது தானியங்கியாக பில்ட் செய்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதைச் செய்ய ஆளில்லை என்றால் அந்தக் கிளைக்கு ஆதரவு இல்லை என்று நேர்மையாக அறிவித்துவிடுங்கள். டிஸ்பேஸ் 6-க்கு ஆதரவு 2023 நடுவில் முடிந்தது. முன்கூட்டியே சொன்னார்கள் என்பதால் பட்ஜெட் கேட்க நூலகங்களுக்கு அவகாசம் கிடைத்தது.

9. பாதுகாப்பு ரிலீஸ் நாள் பார்த்து வராது.

2021 டிசம்பர் இரண்டாம் வாரம் லாக்4ஜே என்ற ஜாவா நிரலகத்தின் ஓட்டை வெளியானது. மேற்கு நாடுகளில் பாதிப்பேர் விடுமுறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். டிஸ்பேஸ் 7 பாதிக்கப்பட்டிருந்தது, 7.1.1 என்று ஒரு ரிலீஸ் போட வேண்டி வந்தது. பழைய 6 அந்த ஓட்டையிலிருந்து தப்பியதற்குக் காரணம் அது லாக்4ஜேயின் முதல் தலைமுறையிலேயே நின்றுபோனதுதான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. ரிலீஸ் செய்யும் படிகளை ஒரு தாளில் எழுதி, அதை இதுவரை செய்திராத ஒருவரிடம் கொடுத்து, அவரையே ஒரு சின்ன ரிலீஸ் செய்யச் சொல்லுங்கள். கையெழுத்துச் சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. ஓட்டையைப் பற்றி அடைப்பு வருவதற்கு முன்னால் பொதுவில் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

10. பதிப்பு எண்ணைப் பார்த்ததும் மனிதருக்குப் பயமா, நிம்மதியா என்று தெரிய வேண்டும். 7.6.1 என்றால் தைரியமாகப் போடலாம், உள்ளே வழுத்திருத்தம் மட்டும். 8.0 என்றால் தேநீர் போட்டுக்கொண்டு குறிப்பைப் படிக்க வேண்டும்: ஜாவா 17 வேண்டும், டாம்கேட் 10 வேண்டும். இந்த வாக்கை ஒருமுறை மீறி, மூன்றாம் எண்ணில் ஒரு புது வசதியைச் சொருகினீர்கள் என்றால் பிறகு யாரும் உங்கள் பேட்சை உடனே போட மாட்டார்கள்.

11. ரிலீஸ் குறிப்பை நீங்களே எழுதுங்கள், கடைசி இரவில் எழுதாதீர்கள்.

முதல் பத்தியில் எது உடையும் என்று இருக்க வேண்டும். புது வசதிகள் இரண்டாவதாக வரட்டும். எந்தக் கட்டமைப்புக் கோப்பில் எந்த வரி மாறியது, எதை மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும், பின்வாங்க வேண்டுமானால் எப்படி என்பதெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். நிரல் எழுதியவர்கள் பெயரோடு சோதித்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள், வழுவைச் சொன்னவர்கள் பெயரும் வரட்டும். அந்தப் பெயரைக் காட்டித்தான் பலர் தங்கள் மேலதிகாரியிடம் அடுத்த முறை நேரம் கேட்பார்கள்.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் இந்தப் பொறுப்பு வந்துவிடப்போவதில்லை. ஆனால் உங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு களஞ்சியம் ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்த சோதனைக் காலம் அறிவித்ததும் அங்கே போய் நூலகரிடம் பேசி, தரவுத்தளத்தின் ஒரு பிரதியை வாங்கி, அதன்மேல் புதிய பதிப்பை ஏற்றிப் பாருங்கள். எத்தனை மணி ஆனது, எந்த இடத்தில் நின்றது, எது காணாமல் போனது என்று எழுதி அனுப்புங்கள். ரிலீஸ் பொறுப்பில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.